மின்சாரக் காரில் டேஷ்கேம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மின்சாரக் காரில் டேஷ்கேம் (முன்கண்ணாடியில் நின்று சாலையைப் பதியும் கேமரா) மாட்டியவர்கள் கொண்டுவரும் குறைகளில் பாதிக்கு மேல் கேமராவின் குறையாக இருப்பதில்லை. கரண்ட் எடுத்த லைன் எப்போது விழித்திருக்கும், எப்போது தூங்கும் என்று பார்க்காமல் மாட்டியதால் வருபவை அவை. பெட்ரோல், டீசல் வண்டிகளில் வருஷக்கணக்காக வயரிங் செய்த நல்ல கைகளும் இங்கே தடுமாறுகின்றன. அந்த வண்டிகளில் சாவியைத் திருப்பினால் வந்து, அணைத்தால் போகும் லைன் சுலபமாகக் கிடைக்கும். மின்சாரக் காரில் எந்த லைனுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பூட்டிய பிறகும் சில லைன்கள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். சார்ஜ் போட்டால் சில லைன்கள் தாமாகவே எழுந்துகொள்ளும்.

இன்னொரு விஷயம். கேமரா அந்தப் பெரிய பேட்டரியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. வண்டியின் தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரி பல கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல். அது மோட்டாருக்கு. விளக்கு, ஹாரன், கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர்கள், நாம் மாட்டும் டேஷ்கேம் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரியதிலிருந்து சின்னதுக்குக் கரண்டை இறக்கிக் கொடுப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர். வண்டி 'ரெடி'யில், அதாவது ஓட்டத் தயாராக, இருக்கும்போதும் சார்ஜில் இருக்கும்போதும் அது ஓடும். பல கார்களில் பூட்டிவிட்டுப் போனால் நின்றுவிடும். மேட்டூர் நிரம்பிக் கிடந்தாலும் மதகு மூடியிருந்தால் கடைமடை வாய்க்கால் காயத்தானே செய்யும். கீழே வரும் பல அறிகுறிகளுக்கு வேர் இதுதான்.

கை வைக்கும் முன்

ஆரஞ்சு உறை போட்ட கேபிள் எங்கே தெரிந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது உயர் அழுத்த லைன், உயிரை எடுக்கும். டேஷ்கேம் வேலைக்கு அதன் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. சார்ஜர் கேபிளைக் கழற்றிவிட்டு, வண்டியை அணைத்து, ஸ்மார்ட் சாவியை வண்டிக்குத் தள்ளி வைத்த பிறகே ஃபியூஸ் பெட்டியைத் திறக்க வேண்டும். கண்ணாடி ஓரத் தூணில் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் வயரை ஏர்பேக்குக்குப் பின்னால் கொண்டு போக வேண்டும். முன்னால் போனால், விரியும் ஏர்பேக்கின் வழியில் வயர் நிற்கும். எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தூண் மூடியைப் பிரிக்கவே வேண்டாம். கதவு ரப்பருக்குள் சொருகி இறக்குங்கள்.

ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங், பேட்டரி மேலாண்மை என்று குறிப்பிட்ட ஃபியூஸ்களில் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி இன்னொரு லைன் எடுக்கும் துண்டு) போடக் கூடாது. 12 வோல்ட் சாக்கெட், பின்கண்ணாடி வைப்பர் மாதிரி தொல்லை இல்லாதவற்றிலிருந்து எடுங்கள். வயரை வெட்டி ஒட்டுவதும் வேண்டாம். வாரண்டி கேட்டுப் போய் நிற்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்த ஒட்டுதான்.

மீட்டரை வைத்து நாலு நிலை பாருங்கள்

இந்த ஒரு சோதனையைச் செய்தால் கீழே உள்ள குறைகளில் பாதி வராது. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பாடி எர்த்தில், அதாவது வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். சிவப்பு முனையை ஃபியூஸின் தலையில் தெரியும் சின்ன உலோகப் புள்ளியில் வைத்து நாலு நிலையிலும் அளவு எடுங்கள்: பூட்டி அரை மணி நேரம் ஆன பிறகு, பூட்டைத் திறந்ததும், ரெடியில், சார்ஜ் ஏறும்போது. சார்ஜ் நிலையில் அளக்க மட்டும் கேபிளை மாட்டுங்கள். டேப் செருகுவது, கழற்றுவது எல்லாம் கேபிள் இல்லாதபோதுதான். கதவைத் திறந்தாலே வண்டி விழித்துக்கொள்ளும் என்பதால், பூட்டிய நிலையை அளக்க மீட்டரைக் கிளிப்பால் மாட்டி, டேஷ்போர்டு மேல் கண்ணாடியைப் பார்த்து வைத்துவிட்டு வெளியிலிருந்து படியுங்கள்.

ஒரு தாளில் எழுதி வண்டிக் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். நாலு நிலையிலும் 12 காட்டுவது நிரந்தர லைன். ரெடியில் மட்டும் வந்து மற்ற மூன்றிலும் பூஜ்யம் காட்டினால் அது தங்கம். வண்டி ஓடுகிறதா என்று கேமராவுக்குச் சொல்லும் ஏசிசி வயருக்கு அதைத்தான் தேட வேண்டும்.

"காலையில வண்டி எழுந்திருக்கவே இல்ல. நேத்து 70 பர்சன்ட் இருந்துச்சுண்ணே!"

பயமுறுத்துகிற அறிகுறி இது. கதவு திறக்காது, திரை வராது, சார்ஜர் மாட்டினாலும் ஏறாது. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதை வண்டியோடு இணைக்கும் கன்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்ச் மூடுவதற்கு 12 வோல்ட் வேண்டும். சின்ன பேட்டரி காலியானால் பெரியதை எட்டவே முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் கேமரா உள்ள செட் பார்க்கிங் மோடில் (வண்டி நிற்கும்போதும் பதியும் முறை) சுமார் 4 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 8 ஆம்பியர்-மணி. சின்ன பேட்டரி 40 ஆம்பியர்-மணி என்றால் இரண்டரை நாளில் பாதி காலி. பூட்டிய நிலையில் வண்டி தானே எடுக்கும் கரண்டை இதில் சேர்க்கவில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஓட்டும் நேரமெல்லாம் கன்வெர்ட்டர் நிரப்பிவிடுகிறது. தஞ்சாவூர் ஜங்ஷனில் வண்டியை விட்டுவிட்டு உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் நாலு நாள் கழித்து இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். திருச்சி விமான நிலையத்தில் விட்டுவிட்டு ஒரு வாரம் சிங்கப்பூர் போகிறவர் நிலைமையும் அதே.

முதலில் வண்டியை எழுப்புங்கள். ஸ்மார்ட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, கையேடு காட்டும் இடத்தில் ஜம்ப் பேக்கையோ இன்னொரு 12 வோல்ட் பேட்டரியையோ கொடுத்தால் போதும். ரெடி வந்ததும் கன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கும். உடனே அணைக்காமல் ஒரு மணி நேரமாவது ரெடியில் விடுங்கள், இல்லை ஓட்டுங்கள். திரும்பவும் இதே தொல்லை வந்தால் சின்ன பேட்டரியைச் சோதித்தாக வேண்டும். லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு மூன்று தடவை அடியோடு காலியானால் பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. உங்கள் மின்சாரக் காரிலிருந்து பக்கத்து டீசல் வண்டிக்கு ஜம்ப் கொடுக்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்டுக்காகச் செய்த பேட்டரி இல்லை அது.

பிறகு ஹார்டுவயர் கிட்டின் (ஃபியூஸ் பெட்டியிலிருந்து கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் வயர் செட்) கட்-ஆஃப் அளவைப் பாருங்கள். வோல்டேஜ் அதற்குக் கீழே இறங்கினால் கிட் கேமராவை நிறுத்திவிடும். குட்டி ஸ்விட்சிலோ கேமரா மெனுவிலோ 11.8, 12.0, 12.2, 12.4 என்று இருக்கும். வாங்கும்போதே 11.8-இல் வைத்திருந்தால் அப்படியே விடாதீர்கள். முழுதாக நிரம்பிய லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும், 12.2-க்கு வந்தால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. மின்சாரக் காரில் 12.2-க்குக் கீழே இறங்க விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாள் கணக்கில் வண்டியை விடுகிறவர் 12.4 வைக்கலாம். பதிவு நேரம் குறையும், அதனால் என்ன? வண்டி எழுந்திருக்குமே.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில புதிய கார்களில் சின்ன பேட்டரியும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அது கிட்டத்தட்ட காலியாகும் வரை 13 வோல்ட் பக்கத்திலேயே நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென்று விழும். லெட்-ஆசிட்டுக்காக வைத்த 12.2 கட்-ஆஃப் அங்கே காவல் காக்காது. அந்த வண்டிகளில் வோல்டேஜை நம்பாமல் நேரக் கணக்கில் நிறுத்தும் கிட்டை வாங்கி, ஆறு மணி நேரம் என்று வைத்துவிடுங்கள். சின்ன பேட்டரி இறங்கினால் பெரியதிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும் கார்களும் உண்டு. உங்களுடையது அப்படியா என்பதைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள்.

பார்க்கிங் பதிவு கட்டாயம் வேண்டும் என்பவருக்கு இரண்டு வழி. இடிபட்டால் மட்டும் விழிக்கும் முறைக்கு மாற்றினால் கேமரா எடுக்கும் கரண்ட் வெகுவாகக் குறையும். இல்லாவிட்டால் கேமராவுக்கென்றே விற்கும் தனி பேட்டரிப் பெட்டி. ரெடியில் மட்டும் அது நிரம்பும், நிறுத்தியதும் கேமரா அதிலிருந்து ஓடும், வண்டியின் பேட்டரியைத் தொடாது. விலை அதிகம்தான். வாரக்கணக்கில் வெளியூர் போகிறவருக்கு அதைத்தான் சொல்வேன்.

"சார்ஜ் போட்டா கேமராவும் ஓடுது"

மின்சாரக் காருக்கே உரிய குறை இது. இதனால் நேரும் நஷ்டம் உடனே தெரியாது. 1080 தரத்தில் விநாடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு ஏழு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். 64 ஜிபி கார்டு சுமார் ஒன்பது மணி நேரத்தில் நிரம்பி, பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். வீட்டுச் சாக்கெட்டில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாயங்காலம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் உரசிவிட்டுப் போனது கார்டில் இருந்திருக்கும். காலையில் தேடினால் கார் ஷெட் சுவர் மட்டும் ஒன்பது மணி நேரம் இருக்கும்.

நாலு நிலை தாளை எடுங்கள். ஏசிசி வயர் போன ஃபியூஸ் சார்ஜ் நிலையிலும் 12 காட்டியிருக்கும். சார்ஜில் பூஜ்யம் காட்டும் வேறு லைனுக்கு மாற்றுங்கள். அப்படி ஒன்று கிடைக்கவே இல்லையென்றால் ஏசிசி வயரின் நடுவில் ஒரு சின்ன ஸ்விட்சைப் போட்டு ராத்திரி அணைப்பதே நேர்மையான தீர்வு.

ஓபிடி துவாரத்தில் (சர்வீஸ் சென்டரில் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) செருகும் கிட் போட்டவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் வரும். அந்தத் துவாரத்தில் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். எனவே சில கிட்கள் வோல்டேஜ் ஏறினால் 'எஞ்சின் ஓடுகிறது' என்று ஊகிக்கின்றன. சார்ஜில் கன்வெர்ட்டர் ஓடி வோல்டேஜ் 14 பக்கம் போனதும் வண்டி சாலையில் போகிறது என்று நினைத்து முழுப் பதிவைத் தொடங்கிவிடும். அமைப்பை மாற்றிப் பயனில்லை. ஏசிசிக்குத் தனி வயர் உள்ள மூன்று வயர் கிட்டுக்கு மாறுங்கள்.

பூட்டிய பிறகு பத்து இருபது நிமிஷம் கேமரா ஓடி அப்புறம் அணைந்தால் கவலை வேண்டாம். வண்டி தூங்கப் போக எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

"பார்க்கிங் மோடுக்கே போகல"

கடைகளில் கிடைக்கும் பல கிட்களில் மஞ்சள் நிரந்தர லைன், சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த். நிறத்தை நம்பாமல் வயரில் ஒட்டியுள்ள எழுத்தைப் படியுங்கள், கிட்டுக்குக் கிட் மாறும். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தால் பூட்டியதும் கேமரா அடியோடு செத்துவிடும். இரண்டும் நிரந்தர லைனில் இருந்தால் வண்டி எப்போதும் ஓடுகிறது என்று நினைத்து, கட்-ஆஃப் வரும்வரை முழு வேகத்தில் பதியும். இரண்டுமே ஏசிசியில் இருந்தால் பார்க்கிங் மோடுக்கு வழியே இல்லை.

இதோடு ஃபியூஸ் டேப் எந்தப் பக்கமாக நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். டேப்பில் இரண்டு ஃபியூஸ் இருக்கும்; இரண்டுக்கும் பொதுவான கால் கரண்ட் வரும் பக்கம் நிற்க வேண்டும். சோதனை எளிது: வண்டியின் பழைய ஃபியூஸை மட்டும் டேப்பிலிருந்து எடுத்துவிட்டு ரெடி போடுங்கள். கேமரா ஓடினால் சரி. நின்றுபோனால் டேப் தலைகீழ். கேமராவின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகிறது. திருப்பிச் செருகுங்கள். கேமரா பக்கத்துக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம்; 10 போடாதீர்கள், ஒல்லி வயர் எரிந்த பிறகும் ஃபியூஸ் முழுசாக இருக்கும்.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சு அணைஞ்சு வருது"

கார்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். கார்டு இல்லை என்று கத்தும், கத்தட்டும். அணையாமல் ஓடினால் குற்றவாளி கார்டு. இடைவிடாத பதிவுக்கென்று விற்கும் கார்டை நம்பகமான கடையில் வாங்கி, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை அப்படிச் செய்வது நல்லது.

கார்டு இல்லாமலும் அணைந்தால் கரண்டைப் பாருங்கள். வண்டியின் யுஎஸ்பி துவாரத்தில் செருகியிருந்தால் அது அரை ஆம்பியர் மட்டும் தரும் துவாரமாக இருக்கலாம். கேமராவுக்கு 5 வோல்ட்டில் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் வேண்டும். கம்ப்யூட்டரோடு இணைக்கவா என்று திரை கேட்டாலும் காரணம் அந்தத் துவாரம்தான்: அது டேட்டாவும் பேசும் துவாரம். 12 வோல்ட் சாக்கெட்டில் நல்ல அடாப்டர் போட்டு, பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். ஒல்லியான நீளக் கேபிளில் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால், பூம்புகார் பக்கத்து வண்டிகளில் எர்த்தை முதலில் சந்தேகப்படுங்கள். உப்புக் காற்று திருகைச் சீக்கிரம் பச்சை பிடிக்க வைக்கும். பெயின்ட் மேலேயே எர்த் வளையத்தை முடுக்கிவிடுவதும் நடக்கிறது. கேமரா ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை எர்த் வளையத்திலும் மறு முனையைச் சின்ன பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.

மத்தியான வெயிலில் மட்டும் அணைந்தால் சூடுதான். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூரும் திருச்சியும் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடி ஓரம் 60-ஐத் தாண்டும். உள்ளே லித்தியம் செல் உள்ள கேமரா அதைத் தாங்காது. உடம்பு உப்பியிருந்தால், மூடி பிளந்திருந்தால் அன்றே கழற்றுங்கள், சரிசெய்யப் பார்க்காதீர்கள். நம் ஊருக்கு, லித்தியம் செல்லுக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் வைத்த கேமராதான் ஏற்றது. உறிஞ்சு கப் ஸ்டாண்டும் இந்த வெயிலுக்கு நிற்காது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, ஒரு நாள் விட்டுக் கேமராவை மாட்டுங்கள்.

"ரேடியோ இரையுது"

திருச்சி பண்பலை கேட்டுக்கொண்டிருக்கும்போது கேமரா ஓடினால் இரைச்சல், கழற்றினால் தெளிவு என்றால் மலிவான அடாப்டர்தான் காரணம். மாற்றுங்கள். மீதி இருக்கும் இரைச்சலுக்குக் கேமரா பக்கத்து வயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். ஆன்டெனா வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

"கார்டு ஃபுல்னு சொல்லுது"

அதிர்வு உணரி ஒவ்வொரு குலுங்கலையும் விபத்தாக நினைத்து அந்தக் கோப்பைப் பூட்டுகிறது. பூட்டிய கோப்பைக் கேமரா அழிக்காது. வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை, அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் காயும் நெல்லுக்காகப் போடும் திடீர் பிரேக், வாத்துக் கூட்டம் கடக்க நிற்பது என்று நம் கிராமத்துச் சாலையில் ஒரு நாளில் எத்தனை குலுங்கல்! உணர்திறனைக் கடைசிப் படிக்கு இறக்குங்கள். பார்க்கிங்கில் அசைவைப் பார்த்துப் பதியும் முறையும் இங்கே சரிப்படாது. தென்னங்கீற்று நிழல் ஆடினாலே போதும் அதற்கு. அதை நிறுத்திவிட்டு அதிர்வு முறையை மட்டும் வையுங்கள்.

சில்லறைக் குறைகள்

நேரம் ஐந்தரை மணி பின்னால் இருந்தால் நேர மண்டலம் இந்தியாவுக்கு மாற்றப்படவில்லை. ஒவ்வொரு முறையும் தேதி அழிந்தால் உள் பேட்டரி போய்விட்டது. டிக்கி மூடும்போது பின் கேமரா படம் விட்டு விட்டு வந்தால் ரப்பர் குழாய்க்குள் வயர் நசுங்குகிறது. ஜிபிஎஸ் பிடிக்கத் தாமதமானால் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி காரணமாக இருக்கலாம். கேமராவைக் கண்ணாடியின் நடு மேற்பகுதிப் புள்ளிப் பட்டைக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், ஆனால் வண்டியின் சொந்தக் கேமராவை மறைக்காமல்.

"மாட்டினதிலிருந்து எச்சரிக்கை விளக்கு எரியுது"

இதில் சோதனை எதுவும் வேண்டாம். டேப்பைக் கழற்றிப் பழைய ஃபியூஸைப் பழைய இடத்தில் வையுங்கள். விளக்கு போய்விட்டால் வேறு லைன் தேடுங்கள். போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போய், என்ன மாட்டினோம், எந்த ஃபியூஸில் எடுத்தோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அவர்கள் நேரமும் உங்கள் பணமும் வேறெங்கோ தேடுவதில் போகும்.

"விபத்து ஆகிடுச்சு, பதிவு வேணும்"

முதலில் கேமராவை அணைத்துக் கார்டை எடுத்துவிடுங்கள். வண்டி நிற்கும்போதும் அது எழுதிக்கொண்டே இருக்கும். வேறு கார்டைப் போட்டு ஓட்டுங்கள். நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும்; கம்ப்யூட்டரில் முழுக் கோப்பாக நகலெடுத்து, அசல் கார்டைத் தொடாமல் உறையில் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சாட்சியாகக் கொடுக்கும்போது ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) சான்றிதழ் இணைக்க வேண்டும். அதற்கான படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது: ஒரு பகுதி பதிவை வைத்திருப்பவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. கார்டோடு, கேமராவின் மாடல், நேர அமைப்பு சரியாக இருந்ததா என்ற விவரத்தையும் எழுதி வக்கீலிடம் கொடுங்கள்.